கடைசியில் மிஞ்சும் பெண்: ஸ்லாஷர் படங்களும் நடத்தைச் சான்றிதழும்

ஹாஸ்டல் அறையில் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து ஸ்லாஷர் படம் பார்த்தால், "அடுத்தது இவதான் காலி" என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு தீர்க்கதரிசி அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார். பெரும்பாலும் அவர் வாக்கு பலிக்கும். இதற்கு ஜோசியமெல்லாம் தேவையில்லை. காதலனோடு அறைக்குள் போகிற பெண் சாவாள், குடித்துவிட்டு ஆடுகிற பெண் சாவாள், புத்தகமும் கையுமாக அடக்க ஒடுக்கமாக இருக்கிற பெண் மட்டும் பிழைப்பாள். இந்த விதி நம் எல்லோருக்கும் மனப்பாடம்.

சரி, இந்த விதியை முதலில் யார் எழுதினார்கள்? எந்தப் படத்தில் ஆரம்பித்தது? உண்மையிலேயே இப்படி ஒரு விதி இருக்கிறதா, இல்லை நாமே சொல்லிச் சொல்லி உண்மையாக்கிவிட்டோமா? இதைக் கொஞ்சம் வரலாற்று வரிசைப்படி பார்க்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. தேடிப் பார்த்ததில் கிடைத்த பதில், நாம் நினைத்துக்கொண்டிருப்பதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

ஒரு முன்னெச்சரிக்கை. பழைய படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்தும் படிக்கலாம்!

ஸ்லாஷர் என்றால் என்ன?

பேய்ப் படம் வேறு, ஸ்லாஷர் வேறு. ஸ்லாஷரில் கொலை செய்வது பெரும்பாலும் ஒரு மனிதன். கையில் துப்பாக்கி இருக்காது. கத்தி, கோடாலி, ரம்பம் என்று கிட்டே வந்து வெட்டும் ஆயுதம்தான். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு வீடு அல்லது விடுதி அல்லது முகாம். அங்கே ஒரு இளைஞர் கூட்டம். ஒவ்வொருவராகச் செத்து, கடைசியில் ஒரே ஒரு பெண் அவனோடு நேருக்கு நேர் நிற்பாள். இந்த அச்சு அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970-களில் உருவாகி, 1978-இலிருந்து 1984 வரை உச்சத்தில் இருந்தது. ஆனால் விதை அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

1960: குளியலறையில் ஒரு பெண்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) எல்லோருக்கும் தெரிந்த படம். நம் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) பார்த்தவர்களுக்கு இதன் சாயல் அங்கேயும் தெரிந்திருக்கும்.

கதாநாயகி மரியன் கிரேன். கல்யாணம் ஆகாதவள். மதிய நேரத்தில் ஒரு ஹோட்டல் அறையில் காதலனைச் சந்திக்கிறாள். படத்தின் முதல் காட்சியே அதுதான். பிறகு வங்கியில் கட்டச் சொல்லி முதலாளி கொடுத்த 40,000 டாலரை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். வழியில் ஒரு மோட்டலில் தங்குகிறாள். அங்கே மனம் மாறி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். அங்கேயே குத்திக் கொல்லப்படுகிறாள். இது நடக்கும்போது படம் பாதிகூட முடிந்திருக்காது. ஒரு நிமிடம்கூட ஓடாத அந்தக் கொலைக் காட்சியை எடுக்க ஏழு நாள் ஆனது. ஒரு பெண் சாவதை எவ்வளவு நுணுக்கமாக, எத்தனை கோணத்தில் காட்டலாம் என்பதற்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் அதுவே பாடப் புத்தகம் ஆகிவிட்டது.

படத்தின் முடிவைக் கவனியுங்கள். கொலை செய்தவன் நார்மன் பேட்ஸ் என்ற ஆண். ஆனால் ஒரு மனநல மருத்துவர் வந்து நீளமாக விளக்கம் சொல்கிறார். மகனைத் தன் பிடியிலேயே வைத்திருந்த அம்மாதான் காரணமாம். செத்து எலும்புக்கூடாகிப்போன அந்த அம்மாவுக்குத் தன் தரப்பைச் சொல்ல ஒரு காட்சிகூட கிடையாது. மரியனின் தங்கை லைலா தைரியமாகத் தனியாக அந்த வீட்டுக்குள் போய்த் துப்பறிகிறாள். ஆனால் கத்தி ஓங்கப்படும் நேரத்தில் அவளைக் காப்பாற்றுவது சாம் என்ற ஆண்.

ஆக, 1960-இல் கிடைத்த அச்சு இது: தப்பு செய்த அழகி சாவாள், கெட்ட அம்மா காரணமாவாள், தேடிப்போகிற பெண்ணை ஒரு ஆண் வந்து மீட்பான்.

1974: விதிக்கு முன்பே விதியை மீறியவள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு படத்தைத்தான் தேடிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அது 'பிளாக் கிறிஸ்துமஸ்' (1974) ஆக இருக்கட்டும். பாப் கிளார்க் இயக்கிய கனடியப் படம். 'ஹாலோவீன்' வருவதற்கு நாலு வருடம் முன்பே வந்துவிட்டது.

கல்லூரிப் பெண்கள் சேர்ந்து தங்கும் ஒரு வீடு. கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கப் போகிறது. போனில் யாரோ ஆபாசமாகப் பேசிக்கொண்டே இருக்கிறான். போன் வருவது அதே வீட்டுக்குள்ளிருந்து என்பது பின்னால்தான் தெரிகிறது. (இந்தத் திருப்பத்தைப் பிற்பாடு எத்தனை படங்கள் சுட்டன என்பதற்குக் கணக்கே இல்லை.)

முதலில் சாவது யார் தெரியுமா? க்ளேர். அந்த வீட்டிலேயே ரொம்ப அடக்கமான பெண் அவள்தான். தோழி பார்ப் அவளுடைய கன்னித்தன்மையை வைத்தே கிண்டல் செய்கிறாள். விடுமுறைக்கு அப்பாவோடு ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது கொல்லப்படுகிறாள்.

கடைசி வரை உயிரோடு இருப்பது யார்? ஜெஸ். அவள் கர்ப்பமாக இருக்கிறாள். கருவைக் கலைத்துவிட முடிவு செய்திருக்கிறாள். காதலன் பீட்டர் கத்துகிறான், அழுகிறான், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறான். தான் வாழ்க்கையில் செய்ய நினைத்ததை விட்டுவிடத் தயாராக இல்லை என்று அவள் அமைதியாக மறுத்துவிடுகிறாள். கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1973 ஜனவரியில். (அதே நீதிமன்றம் 2022-இல் அதை ரத்து செய்தது.) படம் எடுக்கப்பட்ட கனடாவிலோ, மருத்துவமனைக் குழு ஒன்று ஒப்புக்கொண்டால்தான் முடியும் என்ற சட்டம் 1988 வரை இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு திகில் படத்தின் கதாநாயகியை இப்படி எழுதியிருக்கிறார்கள். அதற்காக அவளைப் படம் தண்டிக்கவும் இல்லை, கெட்டவளாகக் காட்டவும் இல்லை.

படம் யாரைக் குறை சொல்கிறது என்றால், பெண்கள் சொல்வதைக் காதில் வாங்காத ஆண்களைத்தான். க்ளேரைக் காணோம் என்று புகார் கொடுக்கப் போனால், காதலனோடு எங்கேயாவது போயிருப்பாள் என்கிற தோரணையில் போலீஸ்காரர் அலட்சியமாகப் பதில் சொல்கிறார். இந்தப் பதிலைக் கேட்பதற்குக் கனடா வரை போக வேண்டியதில்லை, இல்லையா?

அதே ஆண்டு வந்த 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' படத்தில் சாலி என்ற பெண் மட்டும் தப்பிக்கிறாள். அவள் நல்லவள் என்பதால் தப்பித்ததாகப் படம் எங்கேயும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டே இருந்தாள், சாலைக்கு வந்தாள், ஒரு வண்டி கிடைத்தது. அவ்வளவுதான்.

1978: லோரியும் அவள் தோழிகளும்

ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' (1978) சுமார் 3 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் சுமார் 4.7 கோடி டாலர் வசூலித்தது. நாயகி லோரி ஸ்ட்ரோடாக நடித்தவர் ஜேமி லீ கர்டிஸ். 'சைக்கோ'வில் குளியலறையில் செத்த ஜேனட் லீயின் சொந்த மகள். 18 வருடத்தில் அம்மா பலியான இடத்தில் மகள் திருப்பி அடிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எல்லோரும் விதி என்று சொல்வது இந்தப் படத்திலிருந்து எடுத்ததுதான். லோரிக்குக் காதலன் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பொறுப்பாக இருக்கிறாள். அவள் தோழிகள் ஆனியும் லிண்டாவும் காதலர்களைச் சந்திக்கும் நினைப்பிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சாகிறார்கள், லோரி பிழைக்கிறாள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வருகிறது.

ஆனால் படத்தை மறுபடி பாருங்கள். காரில் ஆனியோடு சேர்ந்து கஞ்சா சிகரெட் பிடிப்பது யார்? நம் 'நல்ல பெண்' லோரிதான்! அவளுக்கும் ஒரு பையன்மேல் ஆசை இருக்கிறது, சொல்லத்தான் கூச்சம். கார்பென்டரும், அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதித் தயாரித்த டெப்ரா ஹில்லும் இப்படி ஒரு நீதியைச் சொல்ல நினைக்கவே இல்லை என்று பலமுறை மறுத்திருக்கிறார்கள். மற்ற பெண்களின் கவனம் வேறு இடத்தில் இருந்தது, தனியாக இருந்த லோரிக்குத்தான் சுற்றிலும் நடப்பது கண்ணில் பட்டது என்பது கார்பென்டர் தந்த விளக்கம். படத்தில் மைக்கேலை முதலிலிருந்தே கவனிப்பது அவள்தான் என்பதால் இந்த விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது.

தோழிகள் மூன்று பேரும் பேசிக்கொண்டே நடந்து போகும் காட்சிகளில் ஒரு இயல்பு இருக்கும். அந்தப் பெண்களின் வசனங்களில் பெரும்பகுதி டெப்ரா ஹில் எழுதியது. படத்தில் வரும் ஹாடன்ஃபீல்டு என்ற ஊர்ப் பெயர்கூட நியூஜெர்சியில் அவர் பிறந்த ஊரின் பெயர்தான்.

எனக்கு இந்தப் படத்தில் கொலைகளைவிடப் பயங்கரமாகத் தெரிவது வேறொரு இடம். லோரி அலறிக்கொண்டே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். விளக்கு அணைகிறது. கதவு திறக்கவே இல்லை. பிறகு அவள் குழந்தைகளை ஒளித்து வைத்துவிட்டு, பின்னல் ஊசி, துணி மாட்டும் கம்பி, அவன் கையிலிருந்து விழுந்த கத்தி என்று கிடைத்ததை வைத்துச் சண்டை போடுகிறாள். ஆனாலும் கடைசியில் துப்பாக்கியோடு வந்து சுடுவது டாக்டர் லூமிஸ் என்ற ஆண்தான். 1960-லிருந்து பாதி தூரம்தான் வந்திருக்கிறோம்.

1980: காப்பி அடித்தவர்கள் எழுதிய விதி

அப்படியானால் விதியை எழுதியது யார்? என் பதில்: காப்பி அடித்தவர்கள்.

'ஃப்ரைடே தி தர்டீன்த்' (1980) படத்தை 'ஹாலோவீன்' சம்பாதித்த பணத்தைப் பார்த்துத்தான் எடுத்தோம் என்று படக்குழுவினரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். கதை எழுதும் முன்பே பத்திரிகையில் பட விளம்பரம் கொடுத்தவர் இயக்குநர் ஷான் கன்னிங்ஹாம். சுமார் 5.5 லட்சம் டாலர் செலவு, அமெரிக்காவில் சுமார் 4 கோடி டாலர் வசூல்.

ஒரு வெற்றிப் படத்தைக் காப்பி அடிக்கும்போது என்ன நடக்கும்? பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனைப் போலத்தான். விடையை எழுதலாம், விடை வந்த வழி தெரியாது. 'ஹாலோவீன்' படத்தில் லோரியின் தனிமை, கூச்சம், கவனம் எல்லாம் சேர்ந்து ஒரு பாத்திரம். காப்பியில் மிஞ்சியது வெளியே தெரிகிற இரண்டு விஷயம் மட்டும்: ஜோடி சேர்ந்தவர்கள் செத்தார்கள், சேராதவள் பிழைத்தாள்.

'ஃப்ரைடே' இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நீதியைக் கொலைகாரியின் நோக்கமாகவே ஆக்கிவிட்டது. ஆமாம், கொலைகாரிதான். முதல் படத்தில் கொலை செய்வது ஜேசன் இல்லை, அவன் அம்மா திருமதி வூர்ஹீஸ். 1957-இல் கோடை முகாமில் பொறுப்பாளர்களாக இருந்த இளைஞர்கள் காதலில் மூழ்கிக் கிடந்ததால் தன் மகன் ஏரியில் மூழ்கினான் என்பது அவள் கோபம். அதனால் முகாமுக்கு வருகிற இளைஞர்களையெல்லாம் கொல்கிறாள். இருபது வருடம் கழித்தும் 'சைக்கோ'வின் அதே கெட்ட அம்மா! இந்த முறை அம்மா உயிரோடு, மகன் செத்துப்போய். அவ்வளவுதான் மாற்றம்.

இத்தனைக்கும் இந்தப் படத்திலேயே விதி ஒழுங்காக இல்லை. முகாமில் சமையல் வேலைக்குச் சேர ஆசையோடு கிளம்பி வரும் ஆனி என்ற பெண், யாரோடும் எதுவும் செய்யாமல், முகாமுக்கு வந்து சேரும் முன்பே சாகிறாள். கடைசியில் பிழைக்கிற ஆலிஸ் மற்றவர்களோடு பீரும் குடிக்கிறாள், தோற்றால் ஆடையைக் களையும் விளையாட்டிலும் சேருகிறாள். ஆனால் பார்த்தவர்கள் நினைவில் நின்றது இதெல்லாம் இல்லை. அடுத்து வரிசையாக வந்த டஜன் கணக்கான படங்கள் நினைவில் நின்றதை மட்டும் எடுத்துக்கொண்டன. விதி இப்படித்தான் கெட்டிப்பட்டது.

அதே 1980-இல் ஜீன் சிஸ்கல், ரோஜர் ஈபர்ட் என்ற இரண்டு புகழ்பெற்ற விமர்சகர்கள் தங்கள் 'ஸ்னீக் ப்ரிவியூஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இந்தப் படங்களில் பெண்கள் படும் பாட்டைப் பற்றியே ஒரு முழு நிகழ்ச்சி நடத்தினார்கள். கேமரா கொலைகாரனின் கண்ணாகவே மாறி, பார்வையாளனை அவன் பக்கம் உட்கார வைக்கிறது என்பது அவர்களுடைய முக்கியமான குற்றச்சாட்டு. 'ஹாலோவீன்' அப்படியல்ல என்று அதை மட்டும் விதிவிலக்காக வைத்தார்கள். 'ஃப்ரைடே'மேல் சிஸ்கலுக்கு எவ்வளவு கோபம் என்றால், யாரும் போய்ப் பார்க்கக் கூடாது என்று விமர்சனத்திலேயே கொலைகாரி யார் என்பதைப் போட்டு உடைத்தார். அப்படியும் படம் ஓடியது!

1987: ஒரு பேராசிரியை வைத்த பெயர்

கேரல் க்ளோவர் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பழைய ஸ்காண்டிநேவிய இலக்கியம் படித்தவர், கற்பித்தவர். ஐஸ்லாந்துக் காவியங்களிலிருந்து கிளம்பி இந்தப் படங்களுக்கு வந்து சேர்ந்தார். 1987-இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில் அந்தக் கடைசிப் பெண்ணுக்கு 'ஃபைனல் கேர்ள்' என்று பெயர் வைத்தார். 1992-இல் அது ஒரு புத்தகமாக வளர்ந்தது. இன்று சினிமா ரசிகர்கள் சாதாரணமாகப் பயன்படுத்தும் சொல் அவர் கொடுத்தது.

அவருக்கு முன்னால் இருந்த கேள்வி இது. இந்தப் படங்களுக்குக் கூட்டமாக வருவது இளம் ஆண்கள். பெண்கள் வெட்டப்படுவதை ரசிக்கத்தான் வருகிறார்கள் என்பது பொதுவான நினைப்பு. அப்படியானால் கடைசி அரை மணி நேரம் அவர்கள் யார் பக்கம் இருக்கிறார்கள்? கொலைகாரன் பக்கமா? இல்லையே! அந்தப் பெண் திருப்பி அடிக்கும்போது தியேட்டரில் கைதட்டல் கேட்கிறது. அதாவது ஒரு பையன் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பெண்ணின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறான். அவள் பயம் அவன் பயமாகிறது.

இது நல்ல செய்திதானே என்று உடனே சந்தோஷப்பட்டுவிட முடியாது. க்ளோவரே அடுத்த கேள்வியையும் கேட்கிறார். ஏன் அந்த இடத்தில் ஒரு ஆணை வைக்கவில்லை? அலறுவது, அழுவது, ஒளிவது, கெஞ்சுவது இதையெல்லாம் ஒரு ஆண் செய்தால் பார்க்கச் சகிக்காது என்று நம் மனசு பழகியிருக்கிறது. எனவே பயப்படும் வேலை பெண்ணுக்குக் கொடுக்கப்படுகிறது. பையன் தன் பயத்தை அவள் உடம்பில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். அவள் ஜெயிக்கும் நேரம் வந்தால் கொஞ்சம் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறாள். இந்த நாயகிகள் பலருக்கு ஆணுக்கும் வைக்கக்கூடிய பெயர்களாகவே இருப்பதை க்ளோவர் கவனித்துச் சொல்கிறார்.

கணக்கெடுத்துப் பார்த்தவர்கள்

இதெல்லாம் கருத்து. எண்ணிக்கை என்ன சொல்கிறது?

1990-இல் குளோரியா கோவன், மார்கரெட் ஓ'பிரையன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 56 ஸ்லாஷர் படங்களை எடுத்து, தாக்கப்பட்ட 474 பேரைப் பட்டியல் போட்டார்கள். ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சம அளவில்தான் தாக்கப்படுகிறார்கள், சொல்லப்போனால் தப்பிப்பதில் பெண்களே அதிகம் என்பது தெரிந்தது. 'ஸ்லாஷரில் பெண்கள்தான் சாகிறார்கள்' என்பது எண்ணிக்கைப்படி தவறு. ஆனால் பெண்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், பிழைத்தவர்களைவிடச் செத்தவர்களிடம்தான் பாலியல் நடத்தை அதிகமாகக் காட்டப்பட்டிருந்தது.

1993-இல் மொலிட்டர், சபோல்ஸ்கி என்ற இருவர் 30 படங்களில் இன்னொரு விஷயத்தை அளந்தார்கள்: பயத்தில் இருப்பதாக ஒருவரை எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்? பெண்களை அதிக நேரம் காட்டினார்கள். 2010-இல் ஆண்ட்ரூ வெல்ஷ் 50 படங்களை ஆராய்ந்தபோதும் இதே திசையில்தான் விடை வந்தது. பாலுறவில் ஈடுபட்டதாகக் காட்டப்படும் பெண்கள் பிழைக்கும் வாய்ப்பு குறைவு, அவர்களின் மரணக் காட்சிகளும் நீளம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளிவாகிறது. வித்தியாசம் எத்தனை பேர் சாகிறார்கள் என்பதில் கிடையாது. பையன் சட்டென்று சாவான். கதவைத் திறப்பான், கத்தி இறங்கும், அடுத்த காட்சி. பெண்ணென்றால் அவள் ஆடை மாற்றுவது, சத்தம் கேட்டுத் திரும்புவது, ஓடுவது, விழுவது, கெஞ்சுவது எல்லாவற்றையும் கேமரா பொறுமையாகப் பின்தொடரும். காரணத்திலும் வித்தியாசம் உண்டு. அவன் முட்டாள்தனத்தால் செத்தான் என்போம். அவள் நடத்தையால் செத்தாள் என்போம்.

ஆண்களுக்கும் ஒரு அச்சு உண்டு

பெண்களைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கட்டுரைதான். இந்தப் படங்களில் வரும் பையன்களைப் பாருங்கள். ஒருவன் கோமாளி, ஒருவன் உடம்பை வளர்த்தவன், ஒருவன் எப்போதும் பெண் நினைப்பிலேயே இருப்பவன். பயம் வந்தாலும் வெளியே காட்டக் கூடாது. "நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று இருட்டுக்குள் போய்ச் சாவதே அவர்கள் வேலை. போலீஸ்காரரும் அப்பாவும் இருப்பார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள்.

இதைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் திருநங்கைகள். 'சைக்கோ'வில் நார்மன் அம்மாவின் உடையில் வந்ததிலிருந்து, பிரையன் டி பால்மாவின் 'டிரெஸ்டு டு கில்' (1980), கடைசிக் காட்சியில் ஒரு சிறுமியின் உடம்பையே அதிர்ச்சியாகக் காட்டி முடியும் 'ஸ்லீப்அவே கேம்ப்' (1983) என்று, ஆண் உடம்பில் பெண் உடை தெரிந்தாலே ஆபத்து என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார்கள். நிஜத்தில் வன்முறைக்கு ஆளாகிறவர்களைத் திரையில் வன்முறை செய்கிறவர்களாகக் காட்டினார்கள்.

கடைசிப் பெண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. ஏறக்குறைய எப்போதும் வெள்ளைக்கார நடுத்தர வர்க்கத்துப் பெண்தான். கறுப்பினப் பாத்திரம் இருந்தால் சீக்கிரம் செத்துப்போகும். 'ஸ்க்ரீம் 2' (1997) படத்தின் ஆரம்பத்தில் ஒரு கறுப்பினப் பெண் இதையே குறையாகச் சொல்கிறாள். சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அவளும் செத்துப்போகிறாள்!

பெண்கள் எழுதியபோது

1982-இல் 'தி ஸ்லம்பர் பார்ட்டி மாசக்கர்' என்று ஒரு படம் வந்தது. பெயரைப் பார்த்தால் இன்னொரு காப்பி என்றுதான் தோன்றும். திரைக்கதை எழுதியவர் ரீட்டா மே பிரவுன், பெண்ணியவாதியாக அறியப்பட்ட நாவலாசிரியர். இயக்கியவர் ஏமி ஹோல்டன் ஜோன்ஸ், ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' படத்தில் எடிட்டிங் செய்யக் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டு இதை எடுக்க வந்தவர். கொலைகாரன் கையில் நீளமான துளை போடும் டிரில் மெஷின். அது எதைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. கடைசியில் பெண்கள் அந்த டிரில்லின் முனையையே வெட்டிப் போடுகிறார்கள். டெலிபோன் லைன் சரிசெய்ய வருவது ஒரு பெண், கதவில் துளை போட்டுக் கொடுப்பது ஒரு பெண். தயாரிப்பாளர்களுக்காகக் குளியல் காட்சியும் இருக்கத்தான் செய்கிறது. அச்சை முழுசாக உடைக்கவில்லை, உள்ளே உட்கார்ந்து கேலி செய்திருக்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து வந்த வெஸ் க்ரேவனின் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' (1984) நாயகி நான்ஸி இன்னும் ஒரு அடி முன்னால் போகிறாள். அவள் அப்பா போலீஸ் அதிகாரி. (நடித்த ஜான் சாக்ஸன்தான் 'பிளாக் கிறிஸ்துமஸ்' படத்திலும் போலீஸ் அதிகாரி.) அவர் நம்பவில்லை. அம்மா பாதுகாப்பு என்ற பெயரில் ஜன்னலுக்குக் கம்பி போட்டு மகளை வீட்டுக்குள் பூட்டுகிறாள். விழித்திருந்து காவல் காக்கச் சொன்ன காதலன் தூங்கிப்போகிறான். நான்ஸி புத்தகம் படித்து, வீடு முழுக்கப் பொறி வைத்து, கொலைகாரனைத் தன் கனவிலிருந்து தானே இழுத்து வருகிறாள். டாக்டர் லூமிஸ் யாரும் தேவைப்படவில்லை.

பிறகு 'ஸ்க்ரீம்' (1996). இயக்கம் அதே க்ரேவன், எழுத்து கெவின் வில்லியம்சன். இதில் ஒரு பாத்திரம் விதிகளை வாய்விட்டுப் பட்டியல் போடுகிறது: உறவு கொள்ளக் கூடாது, குடிக்கக் கூடாது, "இதோ வந்துடறேன்" என்று சொல்லக் கூடாது. நாயகி சிட்னி முதல் விதியை மீறுகிறாள், பிழைக்கிறாள். இதைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கொலைக்குச் சொல்லப்படும் காரணம். சிட்னியின் அம்மா தன் அப்பாவோடு தொடர்பு வைத்திருந்தாள், அதனால் தன் அம்மா வீட்டைவிட்டுப் போனாள் என்கிறான் கொலைகாரன் பில்லி. தொடர்பு வைத்திருந்த தன் அப்பாமேல் அவனுக்குக் கோபமே இல்லை! பெண்ணின் நடத்தையைக் காரணம் காட்டிக் கொல்கிறவனின் நியாயம் எவ்வளவு கேவலமானது என்று முதன்முறையாக ஒரு பெரிய வெற்றிப் படம் காட்டியது இங்கேதான் என்று சொல்வேன்.

பிழைத்தவளுக்குக் கிடைத்தது என்ன?

2018-இல் வந்த 'ஹாலோவீன்' படத்தில் ஜேமி லீ கர்டிஸ் மறுபடி லோரியாக வந்தார். நாற்பது வருடம் கழித்துப் பார்த்தால், லோரி வீட்டைக் கோட்டையாக்கிக்கொண்டு, தூக்கம் கெட்டு, பெற்ற மகளையும் பிரிந்து வாழ்கிறாள். ஜெயித்த பெண்ணுக்கு என்ன ஆனது என்று கேட்கவே இந்த வகைப் படங்களுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கல்லூரியை விட்டுப் போகும்போது டி.சி.யோடு நடத்தைச் சான்றிதழ் ஒன்று தருவார்களே, அதைப் போன்ற ஒன்றைத்தான் 1980-க்குப் பின் வந்த படங்கள் கடைசிப் பெண்ணின் கையில் கொடுத்தன. அவள் பிழைத்தது அவள் திறமையால் என்றாலும், பிழைக்கத் தகுதியானவள் என்று முத்திரை குத்தியது அவள் நடத்தை. அந்தப் பழக்கம் தியேட்டரோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. செய்தித்தாளில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைப் படித்ததும் 'அந்த நேரத்தில் அவளுக்கு அங்கே என்ன வேலை?' என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கும் "அடுத்தது இவதான் காலி"க்கும் அதிக தூரம் இல்லை.

'பிளாக் கிறிஸ்துமஸ்' க்ளேரை நினைத்துப் பாருங்கள். அவள் எல்லா விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவள். குடிக்கவில்லை, ஊர் சுற்றவில்லை, அப்பா வரச் சொன்ன நாளில் ஊருக்குப் போகப் பெட்டி கட்டினாள். அப்படியும் முதலில் செத்தவள் அவள்தான். தேடச் சொன்னபோது, காதலனோடு போயிருப்பாள் என்றார்கள். படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போதும் அவள் உடல் அந்த வீட்டின் பரணில் ஜன்னல் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கிறது. கடைசி வரை போலீஸ்காரர்கள் யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை.